பொட்டு வைக்காத கார்டு

செப்டம்பர் 8, திங்கள்

அண்ணன் இன்று இந்த டைரியைக் கொடுத்தான். கீழே மருந்துக் கடைக்காரர் போன வருடம் கொடுத்தது. தேதிகளை அடித்துத் திருத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

“எந்தக் கார்டை என்னைக்கு காப்பி பண்ணுனன்னு இதுல எழுதிட்டு வாட்டி. கேட்டா வாயத் தொறக்க மாட்ட. எழுதவாச்சும் செய்” என்றான்.

எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து வேறு யாராவது பார்க்க நேர்ந்தால் புரிய வேண்டும் என்பதற்காக முறையையும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோ அம்பாசமுத்திரத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படம் எடுப்பது என் அண்ணன் சொரிமுத்து. ஆல்பம் செய்வதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அவன் மனைவி, ஈஸ்வரி மைனி. கேமரா கார்டுகளைப் பார்த்துக்கொள்வது நான், இசக்கி. வயது பதினேழு. பத்தாவதோடு நின்றுவிட்டேன். பதினொன்றுக்கு பஸ்ஸில் போக வேண்டும். அம்மாவுக்கு பீடி சுற்ற ஒத்தாசையும் வேண்டும். அதனால் நின்றேன்.

முறை இதுதான். விசேஷம் முடிந்து வந்த கார்டில் உள்ள படங்கள் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற வேண்டும். கருப்பு டிஸ்க் ஸ்டுடியோ பீரோவில் இருக்கும். நீல டிஸ்க் சாப்பாட்டுப் பையில் என்னோடு வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியில் என் தாவணிகளுக்கு நடுவில் தூங்கும். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே ஒன்று இருக்கும். இரண்டிலும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, முதல் படம், கடைசிப் படம், நடுவில் நாலைந்து படம் திறந்து பார்த்த பிறகு கார்டின் டப்பாவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவேன். பொட்டு இருந்தால் கார்டை அழித்து அடுத்த விசேஷத்துக்கு எடுக்கலாம். பொட்டு இல்லாத கார்டை யாரும் தொடக் கூடாது. அழித்ததும் பொட்டை உரித்துவிட வேண்டும்.

போன தை மாதம் ஒரே டிஸ்கில் வைத்திருந்த ஒரு கல்யாணம் மேசையிலிருந்து விழுந்து செத்துப்போனது. அந்தக் கல்யாணப் பெண் வந்து சண்டை போடவில்லை. ஸ்டுடியோ நாற்காலியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் இந்த முறை. பொட்டு என் யோசனை. மைனியின் பாக்கெட்டிலிருந்து எடுப்பது, மெரூன் நிறம்.

இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாமே என்று கேமரா விற்க வந்தவர் சொன்னார். எங்கள் நெட்டில் ஒரு கல்யாணம் ஏறி முடிய ஒன்பது நாள் ஆகும் என்று மைனி கணக்குப் போட்டாள். “அதுக்குள்ள பொண்ணுக்கு வளைகாப்பே வந்துரும்” என்றாள்.

கார்டு 2: 940 படம். கருப்பு, நீலம், பொட்டு.

செப்டம்பர் 12, வெள்ளி

தென்காசியிலிருந்து மைனியின் அம்மா கூப்பிட்டார்கள். ஸ்டுடியோ நம்பருக்கு. மைனியின் அப்பாவுக்கு பத்தொன்பதாம் தேதி அறுபதாம் கல்யாணம். படம் எடுக்க ஆள் வேண்டுமாம்.

மைனி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளுடைய அப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. பெயர் ஆறுமுகநயினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“யார் பேருல புக்கிங் எழுத?” என்று மைனி கேட்டாள்.

“அப்பா பேருலதான். பக்கத்துலதான் இருக்காவ. காலைல எட்டு மணிக்கு வந்துருங்கன்னு சொல்லச் சொன்னாவ.”

“வந்துருங்கன்னா யாரு?”

“ஸ்டுடியோக்காரங்க” என்றார்களாம் மைனியின் அம்மா.

மைனி ஆர்டர் நோட்டில் அவள் அப்பா பெயரை எழுதினாள். வாடிக்கையாளர் பெயருக்காக ‘பார்ட்டி’ என்று போட்ட இடத்தில். பிறகு அண்ணனிடம், “லைட்டு பிடிக்க ஆளு வேணும்லா? நான் வாரேன்” என்றாள்.

கார்டு எதுவும் இல்லை. மழை.

செப்டம்பர் 19, வெள்ளி

தென்காசி. மூன்று பேரும் போனோம். அண்ணனிடம் பெரிய கேமரா. பழைய கேமராவை என் கழுத்தில் மாட்டி, “சும்மா தொங்கப் போட்டுக்கோ. இது மக்கர் பண்ணுனா கேப்பேன்” என்றான்.

மைனி பட்டுச் சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்து, கையில் லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பெரியம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து, யாரிடமோ சொல்வது போல, “இப்பல்லாம் லைட்டு பிடிக்கவளும் பட்டு கட்டிட்டுத்தான் வாரா” என்றாள்.

“கூலியக் கூட்டித் தந்தா நகையும் போட்டுட்டு வருவோம் பெரியம்மா” என்றாள் மைனி.

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வாய் சிரித்தது. நான் பார்த்தேன்.

கலசத் தண்ணீர் ஊற்றி, தாலி கட்டி, எல்லாம் முடிந்து ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார்கள். கடைசி ஆள் விழுந்து எழுந்ததும் மைனி லைட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் விழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூட்டம் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டது. அவள் அம்மாவும் உள்ளே போயிருந்தார்கள். அண்ணன் கேமராவில் கார்டு நிறைந்து, குனிந்து மாற்றிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்தபோது மைனி எழுந்து லைட் பக்கம் வந்துவிட்டாள். அவள் அப்பா வேட்டி மாற்றப் போய்விட்டார்.

நான் தூண் பக்கத்தில் நின்றேன்.

சாப்பாட்டில் அவியல் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 20, சனி

கார்டு 3: 812. கார்டு 4: 1,077. கார்டு 5: 390. கருப்பு, நீலம், பொட்டு.
கார்டு 7 (பழைய கேமரா): நாளை.

மைனி காலையிலிருந்து மூன்று கார்டையும் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். மத்தியானம் அண்ணனிடம் கேட்டாள்.

“நான் விழுந்தத நீங்க எடுக்கலியா?”

“கார்டு மாத்திட்டு இருந்தேன் ஈஸ்வரி. நிமிர்ந்து பாத்தா நீ வந்துட்ட.”

“அப்பா என் தலையில கை வச்ச மாரி இருந்துச்சு. வச்சாவளா, இல்ல எந்திக்கும்போது கை பட்டுச்சா, தெரியல.”

“வச்சிருப்பாரு.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“பின்ன என்ன வச்சிருப்பாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், “பழைய கேமராவ நீ தொட்டியா இசக்கி?” என்றாள்.

“சும்மா தொங்கப் போட்டிருந்தேன் மைனி” என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கார்டு 7: நாளை.

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஐப்பசி வரை கல்யாணம் இல்லை. கார்டு டப்பாக்களைத் துடைத்து அடுக்கினேன். நீல டிஸ்கின் ஒயர் லூசாக இருக்கிறது, வேறு வாங்க வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

ஸ்டுடியோவில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

கார்டு 7-ல் 112 படம் இருக்கிறது. எல்லாம் நான் எடுத்தது. தொண்ணூறாவது போல ஒரு படம். மைனி குனிந்திருக்கிறாள், அவள் அப்பா கை அவள் தலைமேல் இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன். கேமராவின் சின்னத் திரையில் நாலு தடவை பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் முகம் பெரிதாகத் தெரிகிற அளவுக்குத் திரை இல்லை.

கம்ப்யூட்டரில் ஏற்றினால் மற்ற 111 படத்தையும் அண்ணன் பார்ப்பான். போன வருடம் ஒரு காதுகுத்தில் நான் பத்துப் படம் எடுத்தேன், சிலதில் ஆட்களின் தலை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. ஆல்பம் பிரிண்டு போடுகிறவர் பார்த்துவிட்டு, “இது யாரு, தலைய வெட்டுற ஆளு?” என்று கேட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். அவன் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்கு பதினொன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

முதல் பக்கத்தில் பஸ் என்று எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் பன்னிரண்டு நாள் போனேன். பன்னிரண்டாவது நாள் டீச்சர் என்னை எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. வந்தபோது நடுங்கிக்கொண்டு வந்தது. பின் பெஞ்சில் யாரோ அதே மாதிரி வாசித்துக் காட்டினார்கள். அம்மாவிடம் பஸ்ஸில் கூட்டம் என்று சொல்லிவிட்டேன்.

மைனி நேற்றும் கேட்டாள், என்னிடம் இல்லை, கண்ணாடியிடம். தலை வாரிக்கொண்டே, “பட்டிருக்கும். கைதான் பட்டிருக்கும்” என்றாள்.

சரஸ்வதி பூசை முடிந்ததும் சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஸ்டுடியோ கழுவினோம். அண்ணன் வழுக்கி விழுந்தான். மைனி சிரித்து சிரித்து அவளும் விழுந்தாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கியாயிற்று. இரண்டு கேமரா, லென்சுகள், லைட், பிரிண்டர், கத்தரிக்கோல். கருப்பு டிஸ்க். அம்மா நீல டிஸ்கையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டாள். “அதுவும் ஆயுதந்தான” என்றாள். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது பயமாக இருந்தது.

நான் மாடிப்படியில் கோலம் போட்டுவிட்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கார்டு டப்பாக்கள் எட்டும் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக இருந்தன. எட்டிலும் மெரூன் பொட்டு.

“சந்தனம் ஈரம்லா, கார்டுக்கு ஆகாதுல்லா? அதான் உன்ன மாரியே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டேன். எப்படி, அழகா இருக்கா?” என்றாள் மைனி. அவளுக்கு என் முறை தெரியும். ஆனால் கல்யாணம் இல்லாத மாதம், எல்லாம் காப்பி ஆகியிருக்கும் என்று நினைத்திருக்கிறாள். நான் அப்படித்தானே அவளை நினைக்க வைத்திருக்கிறேன்.

ஏழாம் டப்பாவை எடுக்கக் கையை நீட்டினேன். அம்மா பட்டென்று கையில் தட்டினாள். “பூசைல வச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். சூடம் காட்டியாச்சு.”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனும் நின்றான், மைனியும் நின்றாள். பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

நாளை காலை முதல் ஆளாக வந்து அந்தப் பொட்டை உரித்துவிட வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

கார்டு 7 கேமராவுக்குள் இருக்கிறது.

நான் ஏழரைக்கு வந்தேன். அண்ணன் ஆறரைக்கே போய்விட்டான். விஜயதசமி என்று ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்களாம். குழந்தைகளைத் தாத்தா மடியில், மாமா மடியில் உட்கார்த்தி அரிசியில் எழுத வைப்பார்கள், அதை எடுக்க. நேற்று ராத்திரிதான் போன் வந்ததாம். தாம்பாளத்தில் ஏழு டப்பா இருந்தது. எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன்.

பதினொரு மணிக்கு வந்தான். “என்ன அழுகை, என்ன அழுகை! ஒரு பய அரிசியத் தின்னுட்டான்” என்று சிரித்துக்கொண்டே கேமராவை மேசைமேல் வைத்தான். நான் கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டேன். பூட்டினால் புதிதாக எதுவும் அதில் எழுத முடியாது. என் 112 படமும் இல்லை, பொட்டைப் பார்த்து அழித்திருக்கிறான். குழந்தைகள் 86 படம். கருப்பு, நீலம்.

நான் பொட்டு ஒட்டவில்லை. மைனி ஒட்டியது டப்பாவில் அப்படியே இருக்கிறது.

“என்னட்டி, முகம் ஒரு மாரி இருக்கு?” என்றான்.

தலைவலி என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மத்தியானம் மைனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் இந்த டைரியின் செப்டம்பர் 25-ஐத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் வாசித்துக்கொள்வாள், நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

“என்ன இது? ரசஞ்சோறு கையில. நீயே வாசி.”

“நீங்களே கை கழுவிட்டு வாசிங்க மைனி.”

“ஏளா, என்னமோ கவர்மென்டு ஆர்டரு மாரி நீட்டுத. வாசி.”

வாசித்தேன். ‘ஸ்டுடியோவில் யாரும் இல்லை’ என்பதற்கே மூன்று தடவை நின்றேன். தொண்ணூறாவது படம் வந்தபோது மைனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நானும் நிறுத்தினேன்.

“நிறுத்தாத” என்றாள்.

நிறுத்தாமல் வாசித்தேன். பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்ததும் அதோடு வந்துவிட்டது. அதை வேண்டாம் என்று தாண்டத் தெரியவில்லை. பிறகு புதன்கிழமையையும் வியாழக்கிழமையையும் வாசித்தேன். முடித்து நிமிர்ந்தால் அண்ணன் வாசலில் நிற்கிறான். எப்போது வந்தான் என்று தெரியாது.

யாரும் சிரிக்கவில்லை.

“கை வச்சாவளா?” என்று மைனி கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள்.

“வச்சாவ மைனி. படல. வச்சாவ.”

மைனி எழுந்து போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். திரும்பி வந்து, “பொட்ட ஒட்டுனது நான்” என்றாள்.

“அழிச்சது நான்” என்றான் அண்ணன்.

“சொல்லாம இருந்தது நான்” என்றேன்.

“சரி, மூணு பேரும் சேந்து ஒரு கார்ட ஒழுங்கா கொன்னுருக்கோம்” என்று மைனி சொல்லி, சிரிக்கப் பார்த்து, அழுதாள்.

அண்ணன் கார்டைக் கேட்டான். கொடுத்தேன். பூட்டு தள்ளியிருப்பதைப் பார்த்தான். “இத எப்பப் பூட்டுன?”

“நேத்து. நீ வந்த உடனே.”

“அழிச்சாலும் படம் உடனே போகாது. மேல வேற படம் எழுதுனாத்தான் போகும். 86 எழுதியாச்சு. மிச்சம் இருக்கான்னு பாப்போம்” என்றான். பிறகு மெதுவாக, “பஸ்ஸுனுல்லா சொன்ன?” என்றான்.

நான் டைரியை மூடி வைத்தேன். அவனும் விட்டுவிட்டான்.

அக்டோபர் 4, சனி

அழிந்த படங்களை மீட்கிற சாப்ட்வேர் காலை ஒன்பதரைக்கு ஓட ஆரம்பித்தது. ஐந்து மணி நேரம் என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஏழு மணி நேரம் என்றது. மைனி திரைக்கு நேரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார்கள். அண்ணன் அவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டான். கரண்டு போகக் கூடாது என்று அம்மா நேர்ந்துகொண்டாள்.

மூன்றரைக்கு முடிந்தது. 41 படம். 112-ல் 41.

எந்தப் படம் கார்டில் எங்கே போய் உட்கார்ந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. சிலது முழுதாக வந்தது. சிலது பாதியோடு சாம்பல் நிறமாகிவிட்டது. திறக்கவே திறக்காததைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாழை இலைகள். நாதஸ்வரக்காரரின் செருப்பு. மைனி லைட்டுக்குப் பின்னால் நின்று அவள் அம்மாவைப் பார்க்கிற படம். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிற படம்.

“இது எல்லாம் நீ எடுத்ததா?” என்றான் அண்ணன்.

“ம்.”

“ஒரு தலையும் வெட்டுப்படலியே” என்றான். அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தான்.

முப்பத்தி நாலாவது அந்தப் படம்.

மேல் பாதி மட்டும் இருந்தது. ஈரத் தலையோடு அவள் அப்பா. அவருடைய கை. ஐந்து விரலும் விரிந்து, அழுத்தி வைத்த கை. அதற்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மைனியின் வகிடும் பிச்சிப்பூவும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல்.

சின்னத் திரையில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கண்ணை இறுக்க மூடியிருக்கிறார். கீழ் உதட்டைப் பல்லால் கடித்திருக்கிறார். ஊசி போடும்போது சின்னப் பையன்கள் அழக் கூடாது என்று கடித்துக்கொள்வார்கள், அந்த மாதிரி.

“மன்னிச்சிருங்க மைனி. கீழ உள்ளது போயிட்டு” என்றேன்.

மைனி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கீழ உள்ளது நான்தானளா? நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். “நான் குனிஞ்சிட்டு இருந்தேன். இந்த முகத்தத்தான் நான் பாக்கல.”

அக்டோபர் 5, ஞாயிறு

அந்த ஒரு படம் இப்போது இருக்கும் இடங்கள்: கருப்பு டிஸ்க், நீல டிஸ்க், அண்ணன் போன், மைனி போன், பிரிண்டு கடைக் கம்ப்யூட்டர், ஒரு பென் டிரைவ். பென் டிரைவை மைனி எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். அவள் அம்மா போனுக்கும் அனுப்பிவிட்டாள். எதுவும் எழுதாமல், படம் மட்டும்.

பதில் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பதினோரு மணிக்கு ஸ்டுடியோ போன் அடித்தது. மைனி பேங்க் வரை போயிருந்தாள். அண்ணன் உள்ளே திரைக்கு அந்தப் பக்கம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். போன் நான் எடுப்பதில்லை. அது நின்று மறுபடி அடித்தது. எடுத்தேன்.

“ஸ்டுடியோவா?” ஆண் குரல். கண்டக்டர் குரல், பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கும். “நான் ஆறுமுகநயினார். பார்ட்டி.”

“சொல்லுங்க மாமா.” என் குரல் நடுங்கியது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“ஒரு போட்டோ வந்துருக்கு. யாரு எடுத்தது?”

“நான்தான் மாமா. இசக்கி. மாப்பிள்ளையோட... சொரிமுத்துவோட தங்கச்சி.”

“பாதிதான இருக்கு. மிச்சம் எங்க?”

கார்டு, பொட்டு, பூசை, நர்சரி பள்ளிக்கூடம் எல்லாம் வாய்க்குள் வந்தது. “அழிஞ்சிட்டு மாமா” என்று மட்டும் சொன்னேன்.

 பின்னால் குக்கர் விசில் கேட்டது. விசில் அடங்கியதும் கட் பண்ணிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“அப்பம் திருப்பி எடுக்கணும்லா?” என்றார். “பாதிப் படத்த எப்படிச் சுவத்துல மாட்ட? தீவாளிக்கு வாங்க. மூணு பேரும். ஏம்மா, நீ கேமராவோட வா. லைட்டு பிடிக்க வேற ஆளு பாத்துக்கிடலாம். அவ... அவ நிக்க வேண்டிய எடத்துல நிக்கட்டும்.”

“சரி மாமா.”

“எழுதிக்கிட்டியா? ஆறுமுகநயினார்.”

“எழுதிட்டேன் மாமா” என்றேன். நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தேன்.

மைனி படியேறி வந்தபோது நோட்டை நீட்டினேன். அவள் கை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும், “நீயே வாசி” என்றாள். வாசித்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அக்டோபர் 18, சனி

நீல டிஸ்குக்குப் புது ஒயர் வாங்கியாயிற்று. இனி காப்பி ஆன கார்டுக்குப் பொட்டு கிடையாது, பச்சை நூல் கட்ட வேண்டும் என்று அண்ணன் சொன்னான். அடுத்த பூசைக்கு யாராவது நூலையும் கட்டிவிடப் போகிறார்கள் என்றாள் மைனி.

இருபதாம் தேதி தென்காசி. பழைய கேமராவுக்கு இரண்டு பேட்டரி சார்ஜ் போட்டுவிட்டேன்.

கார்டு 7: மீட்டது 41, குழந்தைகள் 86. கருப்பு, நீலம். முதல் படம், கடைசிப் படம், நடுவில் எல்லாப் படமும் திறந்து பார்த்தாயிற்று. டப்பாவிலிருந்த மைனியின் பொட்டை நானே உரித்து, இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கார்டை அழித்துவிட்டேன்.

கார்டு 7: காலி.